வளைகுடாவில் கல்விச் சுற்றுலா: வணிக மாணவர் கற்பது என்ன

வணிகவியல், மேலாண்மை மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்று அங்குள்ள துறைமுகம், தொழிற்சாலை, சந்தை, நிதி மையம் ஆகியவற்றை நேரில் காட்டுவது வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’ என்றும் சுருக்கமாக ‘ஐ.வி.’ என்றும் வழங்கும் தொழிலகப் பார்வையின் நீட்சி இது. ஓசூரிலோ பெருந்துறையிலோ ஒரு தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு மாலையில் ஊர் திரும்பிய பழக்கம் இப்போது ஐந்தாறு நாள் விமானப் பயணமாக வளர்ந்திருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகியவற்றோடு ஐக்கிய அரபு அமீரகமும், குறிப்பாகத் துபாயும், இந்தப் பயணங்களின் வழக்கமான இலக்காகிவிட்டது. சென்னையிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். விசா எளிது. தெருவில் தமிழ் கேட்கும். கல்லூரி நிர்வாகங்களுக்கு இவை போதுமான காரணங்கள். பாடத்துக்கு இவை மட்டும் போதா.

நேரில் பார்த்தால் கற்றுவிடலாம் என்பது பாதி உண்மை. அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984இல் வெளியிட்ட நூலில் அனுபவவழிக் கல்வியை நான்கு படிகளாகப் பிரித்தார்: ஒன்றை நேரில் காண்பது, கண்டதை எண்ணிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு பொதுக் கருத்தை உருவாக்குவது, அந்தக் கருத்தைப் புதிய இடத்தில் சோதித்துப் பார்ப்பது. பெரும்பாலான சுற்றுலாக்கள் முதல் படியிலேயே நின்று, குழுப்படமும் சான்றிதழுமாக முடிந்துவிடுகின்றன. ஹார்வர்டு வணிகப் பள்ளி 2011இல் தன் எம்.பி.ஏ. முதலாண்டு மாணவர் அனைவருக்கும் களப்பயிற்சியைக் கட்டாயப் பாடமாக்கியபோது, வெளிநாட்டுக்குப் போவதற்குப் பல வாரங்கள் முன்பே அங்குள்ள ஒரு நிறுவனத்தின் சிக்கலை மாணவர் கையில் கொடுத்துவிட்டது. பயணம் அந்த வேலையின் நடுப்பகுதி மட்டுமே. ஊரைப் பார்க்கப் போவதற்கும் ஒரு கேள்விக்கு விடை தேடிப் போவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அமீரகம் இத்தகைய கேள்விகளுக்கு ஏற்ற இடம். அங்கே வணிகத்தைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் மனிதர் வகுத்த விதிகள்: சுங்கம் எவ்வளவு, நிறுவனம் யார் பெயரில் இருக்கலாம், காசோலை திரும்பினால் என்ன ஆகும், தொழிலாளி வேலை மாறலாமா. ஒவ்வொரு விதியும் எப்போது, ஏன் வந்தது, யாருக்கு லாபம், யாருக்குச் செலவு என்று தேடினால் விடை கிடைக்கும் அளவுக்கு அந்த ஊரின் வரலாறு அண்மையது.

கிரீக்கின் கரை

பயண முகவரின் நிகழ்ச்சிநிரல் பெரும்பாலும் 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவில் தொடங்குகிறது. வணிக மாணவர் தொடங்க வேண்டிய இடம் தேரா. தேராவையும் பர்துபாயையும் பிரிக்கும் உப்பங்கழிக்குக் கிரீக் என்று பெயர். அதன் கரையில் ‘தோ’ எனப்படும் மரக்கலங்கள் இன்றும் டயர், குளிர்பதனப் பெட்டி, அரிசி மூட்டை, மிட்டாய்ப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஈரானுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் போகின்றன. தூத்துக்குடியின் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணி போவதைப் பார்த்தவருக்கு இது புதிய காட்சி ஆகாது. தானே எதையும் விளைவிக்காத, அதிகம் உற்பத்தி செய்யாத ஓர் ஊர், பிறர் சரக்கைக் கைமாற்றியே பிழைக்கும் மறுஏற்றுமதி வணிகத்தை இந்தக் கரையில் கண்ணால் எண்ணிப் பார்க்கலாம்.

இதன் தொடக்கம் ஒரு வரிச்சலுகை. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் பாரசீகக் கரையிலிருந்த லிங்கே துறைமுகத்தில் சுங்கக் கட்டணம் உயர்ந்தது. எதிர்க்கரையில் துபாயை ஆண்ட ஷேக் மக்தூம் பின் ஹஷர் தம் துறைமுகத்தில் சுங்கத்தை நீக்கினார். லிங்கே வணிகர்கள் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார்கள். காற்றுக் கோபுரங்களோடு அல் ஃபஹீதி பகுதியில் நிற்கும் பழைய வீடுகள் அவர்களுடையவை. பஸ்தக் என்ற பாரசீக ஊரின் பெயரால் அந்தப் பகுதி நெடுங்காலம் பஸ்தகியா என்றே அழைக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் அந்த வீடுகள், வரியைக் குறைத்து வணிகரை இழுத்ததற்குச் சுண்ணாம்பும் பவளக் கல்லுமான சான்றுகள். ஜெபல் அலி துறைமுகத்தை ஒட்டி 1985இல் தடையற்ற வணிக மண்டலம் அமைத்துச் செய்ததை இந்த ஊர் அதற்கு எண்பது ஆண்டு முன்பே செய்து பார்த்துவிட்டது.

அடுத்த பாடம் ஒற்றைச் சரக்கை நம்பியதன் விலை. வளைகுடா நகரங்கள் முத்துக்குளிப்பில் வாழ்ந்தவை. அவற்றின் முத்துக்குப் பம்பாய்தான் சந்தை. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரச் சரிவும், மிகிமோட்டோ வளர்த்தெடுத்த ஜப்பானிய வளர்ப்பு முத்தும் ஒன்றாக வந்து சேர்ந்தபோது அந்தத் தொழில் சில ஆண்டுகளில் நொறுங்கியது. முத்துக்குளிப்போர் முன்பணக் கடனில் கட்டுண்டவர்கள். படகு முதலாளி வணிகரிடம் கடன்பட்டவர். வணிகர் பம்பாயில் கடன்பட்டவர். விலை விழுந்ததும் சங்கிலி முழுவதும் அறுந்தது. மன்னார் வளைகுடா முத்தின் வரலாறு தெரிந்த மாணவருக்கு இரண்டு கரைகளையும் ஒப்பிட வழி கிடைக்கிறது.

முத்து போனபின் எண்ணெய் வருவதற்குள் முப்பது ஆண்டு இடைவெளி இருந்தது. துபாயில் எண்ணெய் கண்டது 1966இல். முதல் ஏற்றுமதி 1969இல். ஆனால் மணல் தூர்ந்திருந்த கிரீக்கை ஆழப்படுத்தும் வேலையை ஷேக் ராஷித் பின் சயீத் 1959இலேயே தொடங்கிவிட்டார். செலவுக்குக் குவைத்திடமிருந்து கடன் வாங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் அண்டை அமீரகமான ஷார்ஜாவின் கிரீக் தூர்ந்துபோனது. அங்கு வந்துகொண்டிருந்த சரக்கு துபாய்க்குத் திரும்பியது. துபாயை எண்ணெய் கட்டியது என்பது பலரும் சொல்லும் எளிய விளக்கம். காலவரிசையை எழுதிப் பார்த்தால் கடன் முதலில், துறைமுகம் அடுத்து, எண்ணெய் அதற்கும் பின் என்று தெரியும். இந்த வரிசையைத் தானே கண்டுபிடிக்கும் மாணவர் மூலதன முடிவுகள் பற்றிய பாடத்தில் பாதியைக் கற்றுவிட்டார்.

கிரீக் கரையின் இன்னொரு வரலாற்றை வழிகாட்டிகள் சொல்வது குறைவு. இந்தியா 1960களில் தங்கத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தபோது, லண்டனிலிருந்து துபாய்க்குச் சட்டப்படி இறக்குமதியான தங்கம் மரக்கலங்களில் ஏறி இந்தியக் கரைக்குக் கள்ளத்தனமாக வந்தது. துபாயில் அது குற்றமில்லை, இந்தியாவில் குற்றம். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்ட பின்னும் சுங்க வரி வேறுபாடு இருக்கும்வரை தங்கம் கடத்திவரும் ‘குருவி’கள் பறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தேராவின் தங்கச் சந்தையில் நின்று கிராம் விலையைக் குறித்துக்கொண்டு அதே நாளின் சென்னை விலையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டில் எவ்வளவு இறக்குமதி வரி, எவ்வளவு ஜி.எஸ்.டி., எவ்வளவு செய்கூலி என்று பிரித்து எழுதுவது அரை மணி நேர வேலை. வரி எப்படி வணிகத்தின் வழியை மாற்றுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் பயிற்சி அரிது.

துறைமுகமும் சட்டமும்

ஜெபல் அலி துறைமுகம் 1979இல் திறக்கப்பட்டது. பாலைவனத்தின் ஓரத்தில் செயற்கையாக வெட்டிய துறைமுகம். அதற்கு ஏழாண்டு முன்புதான் ராஷித் துறைமுகம் திறந்திருந்ததால், இன்னொன்று தேவையில்லை என்று சொன்னவர்கள் அப்போது பலர். 2024இல் ஜெபல் அலி கையாண்டது 1 கோடியே 55 லட்சம் டி.இ.யூ., அதாவது இருபதடி கண்டெய்னர் கணக்கில். துறைமுகத்தை ஒட்டி 1985இல் தொடங்கிய தடையற்ற வணிக மண்டலம்தான் கப்பல்களை அங்கே நிற்க வைத்தது. ஊருக்குள் நிறுவனம் தொடங்க வேண்டுமானால் 51 விழுக்காட்டுப் பங்கு உள்ளூர்க்காரர் பெயரில் இருக்க வேண்டும் என்ற விதி நடப்பில் இருந்தபோது, ‘ஃப்ரீ ஸோன்’ வேலிக்குள் முழுப் பங்கும் வெளிநாட்டவருக்கு என்றார்கள். லாபத்தை முழுவதும் வெளியே கொண்டு போகலாம் என்றார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு சட்டம்.

இந்த முறை அதோடு நிற்கவில்லை. 2004இல் தொடங்கிய துபாய் சர்வதேச நிதி மையத்துக்குள் வணிக வழக்குகள் ஆங்கிலத்தில், ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் நடக்கின்றன. வெளியே நாட்டின் நீதிமன்றங்களில் அரபு மொழியும் ஐரோப்பிய வழியிலான தொகுப்புச் சட்டமும். லண்டன் வங்கிக்காரர் தமக்குப் பழக்கமான நீதிமன்றம் இல்லாத ஊரில் பெரும்பணத்தை வைக்கத் தயங்குவார் என்பதை உணர்ந்து, நீதிமன்றத்தையே உள்கட்டமைப்பாகக் கட்டிய செயல் இது. நிதி மையத்தின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு முன் படமெடுத்துக்கொள்ளும் மாணவர், தாம் நிற்கும் இடத்தின் சிறப்பு அந்தக் கண்ணாடியில் இல்லை என்பதை அறியாமலே திரும்பக்கூடும்.

விதிகள் நிலையாக நிற்பதும் இல்லை. 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களில் ஊருக்குள்ளேயே வெளிநாட்டவர் முழு உரிமை வைத்துக்கொள்ளலாம் என்றானது. 2018இல் 5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2023 ஜூன் முதல் தொடங்கும் நிதியாண்டுகளில் 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 விழுக்காடு நிறுவன வரி வந்தது. வரியே இல்லாத நாடு என்று பழைய பாடநூல் சொல்வதை நம்பிப் போகும் மாணவர், ஓட்டல் பில்லிலேயே திருத்தம் பெறுகிறார். 2022 தொடக்கத்தில் வார விடுமுறையும் வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது, வெள்ளி அரைநாள். உலகச் சந்தைகள் திறந்திருக்கும் நாட்களோடு ஒத்துப்போவதற்கான மாற்றம் அது. ஷார்ஜா மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை என்று தன் வழியில் போனது. ஒரே கூட்டாட்சிக்குள் அரைமணி நேரப் பயணத்தில் வேலை நாள் மாறுவது, அலுவலகப் பார்வைக்கு நாள் குறிக்கும் பேராசிரியருக்கும் பாடம்தான்.

துறைமுகத்தை நடத்திக் கற்ற திறமையே பின்னர் ஏற்றுமதிப் பொருளானது. ஜெபல் அலியை நடத்தும் டி.பி. வேர்ல்டு நிறுவனம் 2006இல் பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனத்தை வாங்கியபோது, சென்னைத் துறைமுகத்தின் கண்டெய்னர் முனையமும் அதன் கைக்கு வந்தது. அதே கொள்முதலில் வந்த அமெரிக்க முனையங்களைப் பற்றி அங்கே அரசியல் எதிர்ப்பு கிளம்பியதால் அவற்றை விற்றுவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. பணமும் திறமையும் இருந்தாலும் ஒரு நாடு கதவைச் சாத்தலாம் என்பதற்கு இந்த இரண்டு துறைமுகக் கதைகளையும் அருகருகே வைத்துப் படிக்கலாம்.

துறைமுகத்தைப் போலவே விமானத்தையும் துபாய் தானே நடத்தக் கற்றது. 1980களின் நடுவில் கல்ஃப் ஏர் துபாய்க்கான சேவையைக் குறைத்தபோது, துபாய் சொந்த நிறுவனம் தொடங்கியது. எமிரேட்ஸ் 1985 அக்டோபரில் பாகிஸ்தான் விமான நிறுவனத்திடம் குத்தகைக்கு எடுத்த விமானங்களோடு கராச்சிக்குப் பறந்தது. துபாய் விமான நிலையம் 2024இல் 9 கோடியே 23 லட்சம் பயணிகளைக் கண்டது.

கடனும் காசோலையும்

வளைகுடாவில் நம்பிக்கையின் அளவுகோல் நெடுங்காலம் காசோலையாக இருந்தது. துபாயில் வீடு வாடகைக்கு எடுப்பவர் ஆண்டு முழுவதுக்குமான வாடகையை ஒன்றாகவோ நான்காகவோ பன்னிரண்டாகவோ பின்தேதியிட்ட காசோலைகளில் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது வழக்கம். எத்தனை காசோலை என்பதைப் பொறுத்து வாடகையே பேரத்தில் மாறும். மொத்த வணிகத்திலும் அப்படியே. பணம் இல்லாமல் காசோலை திரும்பினால் சிறை என்ற அச்சம்தான் பிணையாக நின்றது. 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், மோசடி இல்லாத வெறும் பணப்பற்றாக்குறையைப் பெரும்பாலும் குற்ற வழக்கிலிருந்து எடுத்து நேரடி வசூல் நடவடிக்கைக்கு மாற்றியது. கடன் கொடுப்பவர் இப்போது எதை நம்பிச் சரக்கை அனுப்புகிறார் என்பது தேராவின் எந்த மொத்த வணிகரிடமும் கேட்கத்தக்க கேள்வி. பாடநூலில் கடன் மேலாண்மை என்ற தலைப்பில் வரும் பத்துப் பக்கத்தை அந்த ஒரு உரையாடல் உயிர்ப்பிக்கும்.

பின்தேதியிட்ட காசோலை ஒரு நாட்டையே உலுக்கிய வரலாறும் வளைகுடாவில் உண்டு. குவைத்தின் சூக் அல் மனாக் என்ற கட்டடத்தில் 1980களின் தொடக்கத்தில் அதிகாரப்பூர்வமற்ற பங்குச் சந்தை நடந்தது. ஒட்டக வணிகம் நடந்த பழைய இடம் அது. பங்குகளை வாங்கியவர்கள் பணத்துக்குப் பதில் எதிர்காலத் தேதியிட்ட காசோலைகளைக் கொடுத்தார்கள். பங்கு விலை ஏறிக்கொண்டே இருக்கும்வரை யாரும் காசோலையை வங்கிக்கு எடுத்துப்போகவில்லை. 1982 ஆகஸ்டில் ஒருவர் எடுத்துப்போனபோது அது திரும்பியது. எண்ணிக் கூட்டியதில் நிலுவையிலிருந்த காசோலைகளின் மதிப்பு 9,400 கோடி டாலர் அளவுக்குப் போனது. வங்கிகள் உருவாக்காத கடனை வணிகர்களே தங்களுக்குள் உருவாக்கிக்கொண்ட கதை இது. குவைத் போகாத மாணவரும் இதைப் படித்துவிட்டே வளைகுடாவுக்கு விமானம் ஏற வேண்டும்.

துபாயின் சொந்தச் சரிவு 2009இல் நேர்ந்தது. அரசுக்குச் சொந்தமான துபாய் வேர்ல்டு குழுமம் அந்த ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி, சுமார் 2,600 கோடி டாலர் கடனுக்குத் தவணை நீட்டிப்புக் கேட்டது. உடனடிக் காரணம் பனைமர வடிவத் தீவுகளைக் கட்டிய நக்கீல் நிறுவனத்தின் சுக்கூக், அதாவது வட்டியைத் தவிர்த்துச் சொத்தின் வருவாயில் பங்கு தரும் இஸ்லாமியக் கடன் பத்திரம். டிசம்பர் 14ஆம் தேதி அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துக் காப்பாற்றியது. மூன்று வாரம் கழித்து, 2010 ஜனவரி 4ஆம் தேதி திறப்பு விழாவில், அதுவரை புர்ஜ் துபாய் என்றிருந்த கோபுரம் அன்றைய அபுதாபி ஆட்சியாளரும் நாட்டின் அதிபருமான ஷேக் கலீஃபாவின் பெயரைப் பெற்றது. கோபுரத்தின் 124ஆம் தளத்தில் நின்று ஊரைப் பார்க்கும் மாணவர் குழுவுக்கு, அந்தப் பெயரின் பின்னணியிலுள்ள கடன் கணக்கையும் பேராசிரியர் அங்கேயே சொல்லலாம். அரசு நிறுவனத்தின் கடன் அரசின் கடனா என்ற கேள்வி அந்த நவம்பரில் உலகின் பெரிய வங்கிகளுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை.

நாணயத்தின் கதை சுருக்கமானது என்றாலும் இந்திய மாணவருக்கு நெருக்கமானது. வளைகுடா அமீரகங்களில் 1966 வரை இந்திய ரூபாய்தான் செலாவணி. தங்கக் கடத்தலால் அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, 1959இல் இந்தியா வளைகுடாவில் மட்டும் செல்லும் தனி நோட்டுகளை வேறு நிறத்தில் வெளியிட்டது. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் வளைகுடா அதைக் கைவிட்டது. திர்ஹம் 1973இல் வந்தது. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்ற நிலையில் அசையாமல் கட்டப்பட்டிருக்கிறது. ரூபாய் விழும்போதெல்லாம் துபாயிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களின் வரிசை எக்ஸ்சேஞ்ச் கடைகளில் நீள்வது இதனால்தான்.

உழைப்பின் கணக்கு

அமீரக மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். இந்தியர் மட்டும் 35 லட்சத்துக்கு மேல். 2023-24ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த சுமார் 11,870 கோடி டாலரில் அமீரகத்தின் பங்கு 19.2 விழுக்காடு என்று இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வு சொல்கிறது. அமெரிக்காவுக்கு அடுத்த இடம். மாநிலங்களில் தமிழ்நாடு பெற்றது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். இந்த எண்களைப் பவர்பாயிண்ட்டில் காட்டுவது எளிது. எண்களுக்குப் பின்னால் இருப்பது ஓர் ஒப்பந்த முறை.

வேலைக்கு அழைத்த முதலாளியோடு தொழிலாளியின் தங்கும் உரிமையைக் கட்டிவைக்கும் முறைக்குக் கஃபாலா என்று பெயர். முதலாளி கஃபீல். அவர் சம்மதமின்றி வேலை மாறுவது நெடுங்காலம் இயலாததாக இருந்தது. அமீரகம் 2009இல் சம்பளத்தை வங்கி வழியே மட்டும் கொடுக்க வைக்கும் ஊதியப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது. கத்தார் 2020இல் முதலாளியின் தடையின்மைச் சான்று இல்லாமலே வேலை மாறலாம் என்றும், மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் என்றும் சட்டம் செய்தது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை அமீரகத்தில் திறந்தவெளி வேலை கூடாது. இவை எல்லாம் செலவுக் கணக்கில் ஏறும் விதிகள். ஒரு கட்டட நிறுவனத்தின் ஒப்பந்தப்புள்ளியைத் தயாரிக்கும் பயிற்சியில் இந்த இரண்டரை மணி நேரத்தைச் சேர்க்காத மாணவரின் விடை தவறு. தாயகத்தில் ஆள்சேர்ப்பு முகவருக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம், அதை அடைக்க ஆகும் மாதங்கள், எட்டுப் பேர் தங்கும் அறையின் வாடகைப் பங்கு, ஊருக்கு அனுப்பியது போக மீதி என்று ஒரு தொழிலாளியின் ஆண்டுக் கணக்கையும் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்போடு சேர்த்துப் படிப்பதே மனிதவள மேலாண்மைப் பாடம். இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு மால்களை மட்டும் காட்டும் சுற்றுலா, பேரேட்டின் வரவுப் பக்கத்தை மட்டும் காட்டுகிறது.

மறுபக்கம், தனியார் நிறுவனங்களில் சொந்தக் குடிமக்களை அமர்த்தச் செய்யும் முயற்சியும் வேகம் பெற்றிருக்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் திறன்சார் பணிகளில் ஆண்டுக்கு 2 விழுக்காடு அமீரகத்தவரைச் சேர்க்க வேண்டும், தவறினால் அபராதம். சுற்றுலா வரும் மாணவர்களில் பலர் மனத்தில் வைத்திருக்கும் வேலைச் சந்தை இது என்பதால், அதன் வாசல் எந்தப் பக்கம் குறுகுகிறது என்று அறிந்து திரும்புவது நல்லது.

தமிழ் வணிகத் தொடர்பு

தமிழ்நாட்டு மாணவருக்கு வளைகுடாவில் பலருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. கேள்வி கேட்கத் தகுந்த வணிகர்கள் அவருடைய மாவட்டத்துக்காரர்கள். பாண்டிய நாட்டுக் காயல் துறைக்கு ஹொர்முஸ், கிஷ் துறைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ பதிவு செய்திருக்கிறார். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் கடல்கடந்து சம்பாதித்துத் திரும்புவோரைச் ‘சபராளி’ என்பார்கள். அந்த மரபில் வந்த கீழக்கரையின் பி.எஸ்.அப்துர் ரஹ்மான், துபாயின் அல் குரைர் குடும்பத்தோடு சேர்ந்து 1973இல் தொடங்கியது இ.டி.ஏ. என்று அறியப்பட்ட எமிரேட்ஸ் டிரேடிங் ஏஜென்சி. கட்டுமானம், மின்தூக்கி, கப்பல், வாகனம் என்று விரிந்த அந்தக் குழுமத்தின் வழியே இராமநாதபுரம் மாவட்ட இளைஞர் தலைமுறைகளாக வேலைக்குப் போனார்கள். வண்டலூரில் 1984இல் அவர் தொடங்கிய கிரசண்ட் பொறியியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். உள்ளூர்ப் பங்குதாரர் என்ற சட்டக் கட்டாயத்தைச் சுமையாகக் கருதாமல் நீடித்த கூட்டாக மாற்றிக்கொண்டதற்கு இ.டி.ஏ. எடுத்துக்காட்டு.

இன்றைய தொடர்பை ஒரு சூப்பர்மார்க்கெட் அலமாரியிலேயே பார்க்கலாம். நாமக்கல் முட்டை இதற்கு நல்ல பாடப்பொருள். ஓமான், கத்தார், அமீரகம், பஹ்ரைன் ஆகியவை அதன் முக்கியச் சந்தைகள். 2022 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது கத்தாருக்கான தேவை உயர்ந்தது; துருக்கி முட்டையின் விலை ஏறியதும் நாமக்கல்லுக்கு உதவியது. இரண்டு ஆண்டு கழித்து நிலைமை திரும்பியது. 2024இல் ஓமான் புதிய இறக்குமதி அனுமதிகளை நிறுத்தியது. கத்தார் எடை குறைந்த முட்டைகளை ஏற்க மறுத்தது. இந்திய முட்டையின் வழக்கமான எடை ஐம்பது கிராமை ஒட்டியது. கத்தார் கேட்டது அதைவிடப் பெரிய முட்டை. கோழித் தீவனத்திலும் இனத்திலும் மாற்றம் செய்யாமல் முட்டையின் எடையை எளிதில் மாற்ற முடியாது. ஆக, தோஹாவில் ஓர் அதிகாரி எழுதும் தர விதி நாமக்கல் பண்ணையின் தீவனச் செலவை நிர்ணயிக்கிறது. லூலூ ஹைப்பர்மார்க்கெட்டில் முட்டை அட்டைகளைப் புரட்டி, எந்த நாடு, என்ன எடை, என்ன விலை என்று குறித்துவரும் மாணவர் ஏற்றுமதிச் சந்தை ஆய்வை முடித்துவிட்டார். தேனி வாழைப்பழத்துக்கும் திருப்பூர் பனியனுக்கும் இதே பயிற்சியைச் செய்யலாம். 2022 மே 1ஆம் தேதி நடப்புக்கு வந்த இந்திய-அமீரகப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின்படி இந்தியத் துணிக்கும் நகைக்கும் அமீரகத்தில் இருந்த 5 விழுக்காட்டுச் சுங்கம் நீங்கியது. ஆனால் சரக்கு இந்தியாவில் உருவானதுதான் என்ற மூலச்சான்று வேண்டும். அந்தச் சான்று எப்படி இருக்கும், யார் கொடுப்பார் என்பதை அறியாமல் எம்.பி.ஏ. முடிப்பவர்கள் உண்டு.

துபாயின் எக்ஸ்போ 2020 கண்காட்சி கொரோனாவால் தள்ளிப்போய் 2021 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை நடந்தது. அதன் கடைசி நாட்களில் தமிழ்நாட்டு அரங்கைத் திறக்க வந்த முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் முன்னிலையில் 6,100 கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அவற்றில் எது நிலமாகவும் கட்டடமாகவும் ஆனது, எது காகிதமாகவே நின்றது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பது முதலீட்டுச் செய்திகளை வாசிக்கக் கற்பதற்கு நல்ல வழி.

துபாயோடு நின்றுவிடுவது வளைகுடாவைப் பற்றிய ஒருபக்கப் படத்தையே தரும். 2017 ஜூனில் சவூதி அரேபியா, அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகியவை கத்தாரோடு உறவை முறித்து எல்லையை அடைத்தபோது, பெரும்பாலும் சவூதிப் பாலை நம்பியிருந்த கத்தாரில் கடை அலமாரிகள் காலியாயின. பலத்னா நிறுவனம் பசுக்களை விமானத்தில் ஏற்றிவந்து பாலைவனத்தில் பண்ணை வைத்தது. விலைக் கணக்கில் சரிவராத முதலீடு பாதுகாப்புக் கணக்கில் சரியாகும் நேரங்களும் உண்டு. சவூதி அரேபியா 2024 முதல், மண்டலத் தலைமையகத்தைத் தன் நாட்டில் வைக்காத வெளிநாட்டு நிறுவனங்களோடு அரசு ஒப்பந்தம் செய்வதைப் பெருமளவு கட்டுப்படுத்தியது. துபாயில் தலைமையகம் வைத்திருந்தவர்களைக் குறிவைத்த விதி அது. அபுதாபி 2012இல் ஹப்ஷானிலிருந்து ஃபுஜைராவுக்குக் குழாய் பதித்து, ஹொர்முஸ் நீரிணையைத் தொடாமல் எண்ணெய் ஏற்ற வழி செய்துகொண்டது.

பயணத்தைப் பாடமாக்குதல்

நல்ல கல்விச் சுற்றுலாவின் வேலை புறப்படுவதற்கு ஆறு வாரம் முன் தொடங்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் ஒரு பொருளையோ ஒரு விதியையோ எடுத்துக்கொண்டு அதைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்து, அங்கே போய் மட்டுமே விடை தெரியக்கூடிய கேள்விகளை எழுதித் தர வேண்டும். நிறுவனப் பார்வைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. ஒரு நாளில் மூன்று இடம் என்று ஓடினால் மாணவருக்கு மிஞ்சுவது நிறுவனத்தின் விளம்பரப் படம் மட்டுமே. மக்கள் தொடர்பு அதிகாரி எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் பேசுவார். அதற்குப் பதில் ஒரு முழு மாலையைத் தேராவிலோ கராமாவிலோ கடைக்காரர்களோடு கழிக்கலாம். ரமலான் மாதத்தில் போனால் அலுவலக நேரம் இரண்டு மணி குறைவதையும், இஃப்தாருக்குப் பின் சந்தை விழிப்பதையும் காணலாம். பலரும் தவிர்க்கச் சொல்லும் அந்த மாதம் நுகர்வோர் நடத்தையைப் படிக்கச் சிறந்தது. பாலைவன சஃபாரியை நீக்க வேண்டியதில்லை. அதற்கான விலை இணையத்தில் ஒன்று, ஓட்டல் வாசலில் ஒன்று, முகவரிடம் ஒன்றாக இருப்பதைக் குறித்துக்கொண்டால் அதுவும் பாடம்தான்.

திரும்பிய பின் எழுதும் அறிக்கையில் பார்த்த இடங்களின் பட்டியலுக்கு மதிப்பெண் கூடாது. புறப்படும் முன் எழுதிய கேள்விக்கு என்ன விடை கிடைத்தது, எந்த எண்ணம் பொய்த்தது, அந்த விதி தமிழ்நாட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பவற்றுக்கே மதிப்பெண். கோல்பின் நான்காம் படி இங்கேதான் வருகிறது: ஜெபல் அலியைப் பார்த்தவர் தூத்துக்குடி துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போய், அதே அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும்.

செலவு பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். கட்டணம் கட்ட முடிந்தவர் மட்டும் போகும் சுற்றுலாவுக்குப் பாடத்திட்டத்தில் மதிப்பெண் ஒதுக்குவது நியாயமில்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை, போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை அரசுச் செலவில் அமீரகத்துக்கு அழைத்துப் போய் ஷார்ஜா புத்தகக் கண்காட்சி உள்ளிட்டவற்றைக் காட்டியது. கல்லூரிகளிலும் இது இயலும். சொற்பொழிவுகளுக்கும் பரிசுகளுக்கும் அறக்கட்டளை நிறுவும் பெருமக்கள், ஆண்டுக்கு இரண்டு மாணவரின் பயணச் செலவையும் ஏற்கலாம். யாரை அனுப்புவது என்று தீர்மானிக்க மதிப்பெண் பட்டியல் வேண்டாம். புறப்படும் முன் அவர்கள் எழுதித் தரும் கேள்விகளைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்.